மருந்தடிக்காத கத்திரிக்காய்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மோகன்ராஜ் வீட்டுக் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கறுப்புக் குழாயை முறைத்துக்கொண்டிருந்தார். குழாய் சொட்ட வேண்டும். அது சொட்டவில்லை.

மூன்று வரிசை, வரிசைக்குப் பதினாறு என்று மொத்தம் நாற்பத்தெட்டு கத்திரிச் செடிகள். ஒவ்வொரு செடியின் தூரிலும் குழாயில் தண்ணீரைச் சொட்டவிடக் குண்டுமணி அளவுக்கு ஒரு டிரிப்பர். நேற்று வரை அவற்றில் ஏழெட்டாவது பெயரளவுக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. இன்று அவையும் வேலை நிறுத்தம் செய்துவிட்டன.

"இன்னாங்க, தண்ணி வர்தா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி மஹாலட்சுமி கேட்டாள்.

"வரும் வரும். பைப்பு கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்குது."

"ஞாயித்துக்கெழம சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க. அதுவரைக்கும் ரெஸ்ட் எடுக்கப் போவுதா?"

மோகன்ராஜ் குழாயைத் தட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் சத்யப்ரியாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அன்று மதியம் அவர்கள் இலையில் விழ வேண்டியது இந்தக் கொல்லையில் விளைந்த கத்திரிக்காய்க் குழம்பு. விழாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

மோகன்ராஜுக்குச் சிட்லபாக்கத்தில் சென்ட்ரிங் பலகையும் சாரக்கட்டு மரமும் வாடகைக்கு விடும் கடை. அவருடைய தாத்தா ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். அப்பா அந்த நிலத்தை மனை மனையாகப் பிரித்தவர். மோகன்ராஜ் சேறு என்று ஒன்றைத் தொட்டிருந்தால் அது அஸ்திவாரக் குழியில்தான். ஆனாலும் எங்கேயாவது விவசாயப் பேச்சு வந்தால் போதும், "அது நம்ப ரத்தத்துலயே கீது" என்று ஆரம்பித்துவிடுவார். சந்தேகம் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வந்ததில்லை, சிலருக்கு அம்மை வராதது மாதிரி.

வைகாசியில் அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கக் காட்டாங்குளத்தூர் போனார்கள். மாப்பிள்ளை பிரேம் அங்கே காலேஜில் லேப் அசிஸ்டென்ட். அப்பா பொன்னுசாமி, காலேஜ் பையன்களுக்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்ததும் பொன்னுசாமி எல்லோரையும் பின்கட்டு வாசல்படிக்கு அழைத்துப்போய், காபி டம்ளரும் கையுமாக நின்று கொல்லையைக் காட்டினார். மோகன்ராஜ் அசந்து போனார். செடிக்குப் பத்து, பன்னிரண்டு என்று பளபளவென்று கத்திரிக்காய்.

"ஒரு சொட்டு மருந்து கெடயாது. சொட்டு நீர்ப் பாசனம், கூடவே மீன் அமிலம். அவ்ளோதான்" என்றார் பொன்னுசாமி. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் நக நட்டு கேக்குற ஆளு இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் பாக்குறேன். மண்ணுல கை வெக்கிற குடும்பமா இருக்கணும். நெலத்த வித்துட்டு கால் மேல கால் போட்டுக்கினு ஒக்காந்திருக்கிற வூட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்" என்றார்.

அப்போது அங்கே கிடந்த நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த மோகன்ராஜ், காலை இறக்கினார். "நீங்க வேற. நம்ப வூட்லயும் கொல்ல முழுக்க கத்திரிதான். இதே சொட்டு நீரு, இதே மீன் அமிலம்" என்றார்.

மஹாலட்சுமிக்குப் புரையேறியது. அவர்கள் கொல்லையில் அப்போது இருந்தது ஆளுயரத்துக்கு அடுக்கிய சென்ட்ரிங் பலகைகள்.

"அப்டிப் போடுங்க" என்று பொன்னுசாமி மோகன்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆடி போவட்டும். ஆவணில நாள் குறிக்க வர்றோம். அன்னிக்கு உங்க தோட்டத்துக் கத்திரிக்கா கொழம்புதான் எனக்கு."

திரும்பி வரும்போது ரயிலில் சத்யப்ரியா கேட்டாள். "ஏன்ப்பா அப்படி ஒரு பொய் சொன்னீங்க?"

"பொய் இல்லம்மா. மூணு மாசத்துல நெஜமாவப் போறத கொஞ்சம் முன்னாடி சொல்ட்டேன்."

 அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, செல்போனில் வந்த குறுஞ்செய்தியைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அது பிரேமிடமிருந்து என்பது மோகன்ராஜுக்குத் தெரியும். இருபத்து நான்கு வருஷத்தில் மகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. இந்தச் சம்பந்தம் தன் வாயால் கெட்டுவிடக் கூடாது என்று அப்போதே அவருக்குக் கவலை வந்தது. தாம்பரம் வருவதற்குள் அது சரியாகிவிட்டது.

மறுவாரமே பலகைகள் கடைக்குப் போயின, கொல்லையில் கத்திரி நாற்று இறங்கியது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து வில்பிரட் என்ற டிரிப் ஃபிட்டர் வந்து டிரம், ஃபில்டர், குழாய் எல்லாம் பொருத்திக் கொடுத்தார். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து தெருவில் விற்கும் கங்கையம்மாளிடம் தலையும் குடலுமாக வாங்கி, சரிக்குச் சரி வெல்லம் போட்டு மூடி வைத்து மீன் அமிலமும் தயாராகிவிட்டது.

"சார், மூணு விஷயம்" என்றார் வில்பிரட். "லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல வோணாம். துணில ரெண்டு தபா வடிகட்டி ஊத்துங்க. ஃபில்டர வாரம் ஒருவாட்டி கழட்டிக் கழுவுங்க. இல்லன்னா டிரிப்பர் அடைச்சிக்கும், அப்புறம் பேஜாரு."

"வில்பிரட்டு, விவசாயம் நம்ப ரத்தத்துலயே கீது" என்றார் மோகன்ராஜ்.

ஸ்பூன் என்பது வில்பிரட்டின் கஞ்சத்தனம் என்று முடிவு செய்து குளியலறை மக்கில் மொண்டு ஊற்றினார். செடிகள் கிடுகிடுவென்று மார்பளவுக்கு எழுந்தன. ஒவ்வொரு இலையும் முறம் அகலம். காய்தான் இல்லை. ஊட்டம் கூடிப்போனால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும் என்பது ரத்தத்தில் இருந்த தகவல்களில் விட்டுப்போயிருந்தது. ஆவணி பிறந்தபோது நாற்பத்தெட்டு செடியிலும் சேர்த்து பதினோரு காய்கள் இருந்தன. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு.

துணியில் வடிகட்டுவது பொம்பளை வேலை என்று அதையும் விட்டுவிட்டார். ஃபில்டர் அடைத்துக்கொண்டது. கழுவினார். மறுபடி அடைத்தது. "அடைக்கிறது எது? ஃபில்டரு. அத்த தூக்கிட்டா?" என்று உள்ளேயிருந்த வலையைக் கழற்றிப் பரணில் போட்டார். அன்று தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. "வில்பிரட்டுக்கு இது தோணல பாரு" என்று மஹாலட்சுமியிடம் பெருமையாகச் சொன்னார்.

அதிலிருந்து நான்காம் நாள்தான் இந்த வியாழக்கிழமை. வலையில் நிற்க வேண்டிய மீன் செதிலும் சக்கையும் நாற்பத்தெட்டு டிரிப்பர்களிலும் போய் ஒண்டிக்கொண்டன.

மோகன்ராஜ் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினார். "ஒரு ஊக்கு குடு" என்றார்.

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு. தோடு போடுற ஓட்ட அடைச்சிகினா இன்னா பண்ணுவ? குத்த வேண்டியதுதான்."

முதல் நான்கு டிரிப்பர்களையும் ஊக்கால் நன்றாகக் குத்தினார். அடைப்பு போனது. கூடவே டிரிப்பரின் உள்பாகமும் போனது. சொட்ட வேண்டிய தண்ணீர் நான்கு ஊற்றாகப் பீய்ச்சி, டிரம் காலியாகும்வரை அந்த நான்கு செடிகளுக்கே போய்ச் சேர்ந்தது. மீதி நாற்பத்து நான்கும் வாய் காய்ந்து நின்றன.

வெள்ளிக்கிழமை காலை அவர் பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து காலால் மிதிக்கும் பம்பை வாங்கி வந்தார்.

"இப்ப இன்னா?" என்றாள் மஹாலட்சுமி.

"காத்து. உள்ள கீற அழுக்கு ஒரே தம்முல வெளிய வந்துரும்."

குழாயின் நுனியில் பம்பைச் செருகித் துணியால் கட்டி மிதித்தார். பத்து மிதி, இருபது மிதி, ஒன்றும் நடக்கவில்லை. முப்பதாவது மிதியில், மூன்றாம் வரிசைக்குப் போகும் இணைப்பு பட்டென்று கழன்றது. மூணு மாசத்து மீன் சேறு ஒரே தம்மில் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டுவதற்காக மஹாலட்சுமி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் காற்றாட விட்டிருந்த அரக்குப் பட்டுப்புடவை எதிரில் இருந்தது.

மஹாலட்சுமி சத்தம் போடவில்லை. புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போடாமல் இருந்தால் விஷயம் பெரிசு என்று மோகன்ராஜுக்குத் தெரியும். மூன்று முறை அலசிய பிறகும் புடவையில் நெத்திலி வாசனை போகவில்லை. சாயங்காலத்துக்குள் மதில் சுவர்மேல் ஆறு பூனைகள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

அன்று மாலை ஆபீஸிலிருந்து வந்த சத்யப்ரியா, "அப்பா, வில்பிரட் அங்கிளுக்கு ஒரு போன் பண்ணுங்களேன். ப்ளீஸ்" என்றாள். மகள் கேட்டுவிட்டாளே என்பதற்காக மோகன்ராஜ் போன் செய்தார்.

வில்பிரட் மறைமலை நகர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். "வலைய கழட்டிட்டீங்களா? ஐயையோ சார். இனிமே ஆசிட் வுட்டுதான் கிளீன் பண்ணணும். ஆனா அதுக்கு ஒரு அளவு கீது, செடிய வேற..."

"ஆசிட்டுதானே. முன்னாடியே சொல்லக்கூடாது?" என்று மோகன்ராஜ் போனை வைத்துவிட்டார்.

குளியலறை கழுவும் ஆசிட் வீட்டிலேயே இருந்தது. இரண்டு பாட்டில்.

சனிக்கிழமை காலை, ஆசிட்டில் அடைப்பு விட்டதும், ஊக்கால் குத்திய நான்கு போக மற்ற டிரிப்பர்கள் சொட்டின. அப்படி ஒரு சொட்டல். ஒரே அளவு, ஒரே தாளம். வில்பிரட் முதல் நாள் ஓட்டிக் காட்டியபோதுகூட அவ்வளவு அழகாகச் சொட்டவில்லை. மோகன்ராஜ் மஹாலட்சுமியைக் கூப்பிட்டு, "பாத்தியா" என்றார். மஹாலட்சுமி பார்த்தாள். அவள் பார்த்தது டிரிப்பர்களை அல்ல. முதல் இரண்டு வரிசையிலும் இலைகள் நனைந்த காகிதம்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பதினோரு காய்களும் அந்த இரண்டு வரிசையில்தான் இருந்தன. மதியத்துக்குள் பதினொன்றும் தரையில் கிடந்தன.

மூன்றாவது வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் இணைப்பு கழன்ற இடத்தைத் துணி வைத்து அடைத்திருந்ததால் ஆசிட் அங்கே போகவில்லை. பதினாறு செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன, ஒரு பிஞ்சு இல்லாமல்.

"உண்மைய சொல்லிடலாங்க" என்றாள் மஹாலட்சுமி. புடவை பாழானதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இன்னான்னு? நான் பொய் சொன்னேன், என் பொண்ண கட்டிக்கோங்கன்னா?"

சத்யப்ரியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைத் திட்டவில்லை, அழவும் இல்லை. "பிரேம் அப்பா ஒரு தடவை வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் மாத்தவே மாட்டாராம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மோகன்ராஜ் டிரம் பக்கம் போனார். இதற்கு ஊக்கும் உதவாது, பம்பும் உதவாது. அரை மணி நேரம் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதுமே பழைய மோகன்ராஜ் ஆகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து நாலு கிலோ கத்திரிக்காயோடு வந்து இறங்கினார். காம்பு நீளமாக இருக்கும் காயாகப் பார்த்துப் பொறுக்கியது. மஹாலட்சுமியின் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். கருகிய இரண்டு வரிசையையும் பிடுங்கி மண்ணைச் சமப்படுத்தினார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்.

"நிக்குமாங்க?" என்றாள் மஹாலட்சுமி.

"இன்னா இப்டி கேட்டுட்ட. சாரம் கட்றவனுக்கே கயிறு குடுக்குறவன் நானு."

செடிக்கு ஏழு, எட்டு என்று கட்டினார். பத்து மணிக்குள் முடிக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் சட்டென்று ஒரு முடிச்சு. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. காட்டாங்குளத்தூரில் பார்த்த அதே தோட்டம். அப்படியே நின்று ரசித்தார். ஒரு நிமிஷம், நாம்தான் விளைவித்தோமோ என்றுகூடத் தோன்றியது.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. பொன்னுசாமி, அவர் மனைவி அங்காளம்மாள், தாம்பூலத் தட்டோடு பிரேம். கும்பிட்டு, தண்ணீர் கொடுத்து, காபி கொடுத்து முடிவதற்குள் பொன்னுசாமி மூக்கை உறிஞ்சினார்.

"மீன் அமிலம். வாசனைய வெச்சே சொல்வேன் நானு."

அந்த நாற்றத்தை விரட்ட மஹாலட்சுமி காலையிலிருந்து ஐந்து கட்டு ஊதுபத்தி கொளுத்தியிருந்தாள்.

மோகன்ராஜ் எல்லோரையும் பின்கட்டு வாசல்படிக்கு அழைத்துப்போனார். பொன்னுசாமி காபி டம்ளரோடு படியிலேயே நின்று பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"அந்தப் பக்கம் ரெண்டு வரிச காலியா கீதே?"

"அது பறிச்சி முடிச்ச வரிச, சம்பந்தி. தெருவுக்கே குடுத்தோம்."

"அமிலம் எவ்ளோ வுடுறீங்க?"

"லிட்டருக்கு ஒரு ஸ்பூனு. துணில வடிகட்டி."

"நான் ரெண்டு வுடுவேன்."

"மண்ண பொறுத்தது."

"ஆமா, எல்லாம் மண்ண பொறுத்தது" என்று பொன்னுசாமி தலையாட்டினார். இரண்டு பேரும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொன்னுசாமி படியிறங்கி வரவில்லை, ஒரு இலையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கண்டம் தாண்டிவிட்டது என்று மோகன்ராஜ் நினைத்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிரேமுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சத்யப்ரியா மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அப்போது அங்காளம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அண்ணா, கொழம்புக்கு நானே பறிச்சிக் குடுக்குறேன். ஒரு முறம் குடுங்க."

"வோணாம்மா, ஒரே சேறு. பொடவ பாழாயிடும்."

"இன்னா அண்ணா, சேறு பாக்காதவளா நானு."

அவள் இறங்கிவிட்டாள். மூன்றாவது வரிசையின் முதல் செடிக்குப் போய், கிளையை லேசாக விலக்கினாள். ஒரு காய் கீழே விழுந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அடுத்து இன்னொன்று விழுந்தது. பிறகு தொடர்ந்து நாலு.

அங்காளம்மாள் குனிந்து ஒரு காயை எடுத்தாள். அதன் காம்பிலிருந்து பச்சை நூல் ஒன்று சாண் நீளத்துக்குத் தொங்கியது.

 மதில்மேல் ஒரு பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. மோகன்ராஜ் மகளைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"சம்பந்தி" என்றார், குரல் இறங்கிப்போய். "தப்பு என்னோடது. நான் மண்ணத் தொட்டவன் இல்ல. அன்னிக்கு உங்க தோட்டத்தப் பாத்தவொடனே வாய வுட்டுட்டேன். எங்க பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அத மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க."

 பொன்னுசாமி காலியான காபி டம்ளருக்குள் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அங்காளம்மாள் நூலை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு தடவை கணவனைப் பார்த்தாள். பிறகு மோகன்ராஜிடம் நிதானமாகச் சொன்னாள்.

"ஒத்த முடிச்சு தாங்காது அண்ணா, ரெட்ட முடிச்சா போடணும். அன்னிக்கு நீங்க எங்க வூட்டுக்கு வர்றீங்கன்னு விடிகாலைலேர்ந்து ஒக்காந்து எல்லாக் காயும் நான்தான் கட்னேன், ஒண்ணாவது வுழுந்துச்சா?"